நங்கையாவின் முழங்காலுக்காக ஒரு கப்பல்

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று மூன்று நாடுகளுக்குப் போய்வந்து ஏழு மாதமாகிறது. அலுவலகத்தில் யாராவது வந்து, "நீங்க கப்பல்ல போனீங்களாமே, கப்பல் நல்லதா, பஸ் டூர் நல்லதா?" என்று கேட்டால் நான் நேராகப் பதில் சொல்வதில்லை. "குழந்தை இருந்தா யோசிக்கணும்" என்று மழுப்பிவிட்டு எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விடுகிறேன். விவரம் தெரியாமல் போய்வந்தவள் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். விவரமெல்லாம் எனக்குத் தெரியும். இரண்டு மாதம் அதைத் தவிர வேறெதையும் நான் படிக்கவில்லை.

எங்கள் வீட்டில் நான்கு பேர். நான், என் கணவர், ஐந்து வயது மகள், கணவரின் அக்கா. கணவருக்குச் சொந்த ஊர் கர்நாடகத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம். கணவனின் அக்காவை அங்கே நங்கையா என்று கூப்பிடுவார்கள். திருச்சியில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லே கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். இப்போது அவரை வேறெப்படியும் கூப்பிட எனக்கு வாய் வராது.

நங்கையாவுக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "மாப்பிள்ளை பாக்க வந்தப்ப நான் ஷிப்ட்டுல இருந்தேனுங்க" என்பார். நாங்கள் இருக்கும் மைசூரிலேயே ஒரு கார்மெண்ட்ஸில் இருபது வருடம் சட்டைக் காலர் தைத்தவர். என் பிரசவ விடுப்பு முடிய பத்து நாள் இருந்தபோது வேலையை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வந்து நின்றார். "பச்சக் கொழந்தைய எங்கயோ கொண்டுபோயி விடாத அம்மிணி, நான் இருக்கறேன்" என்றார். நானும் கணவரும் மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறோம். அவர் ஒரு தொழிற்சாலையில், நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில். காலை ஏழரைக்கு நான் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் நடக்கத் தொடங்கிய அன்று அதைப் பார்த்தவர் நங்கையா. எனக்கு வீடியோ வந்தது.

அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நானும் கணவரும் ஐந்து வருடமாகப் பேசிக்கொண்டே இருந்தோம். பேச்சோடு சரி. ஒரு சனிக்கிழமை போலீஸ்காரர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். நான் கதவைப் பாதி திறந்தபடி கணவரைக் கூப்பிட்டேன். நங்கையா சமையலறையிலிருந்து நிதானமாக வந்து, "பாஸ்போர்ட்டுக்கா சார்? பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் வாங்க சொல்லி அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்துக் காபி கொடுத்தார். யாருக்கும் சொல்லாமல் அவரே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்.

"எங்க போறீங்க நங்கையா?" என்றேன்.

"எங்கயும் போவல. ஆதாரு இருக்குது, ரேசன் கார்டு இருக்குது, இதும் ஒண்ணு இருக்கட்டும்னு எழுதிப் போட்டேன்."

கணவர் சிரித்தார். "பாஸ்போர்ட்ட வச்சுட்டு எங்கக்கா போவ? மண்டி மொஹல்லா மார்க்கெட்டுக்கா?"

"நீ கூட்டிட்டுப் போற எடத்துக்கெல்லாம் ஆதாரே ஜாஸ்திடா."

அந்தச் சொல்லில் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்படித்தான் இந்தப் பயணம் தொடங்கியது. எங்கே, எப்படி என்று பார்த்து முடிவு செய்யும் வேலை வழக்கம்போல என்னிடம் வந்தது. வீட்டில் பட்டியல் போடுகிறவள் நான்தான்.

மைசூரின் அக்ரஹாரம் பகுதியில் ஒரு மாடியில் சின்னதாக ஒரு டிராவல்ஸ் இருக்கிறது. நடத்துகிறவர் மைசூரிலேயே பிறந்த தமிழர். இரண்டு விவரத்தாள்களை என் முன்னால் வைத்தார். ஒன்று ஒன்பது நாள் பஸ் பயணம். சிங்கப்பூரில் ஏறினால், பாலத்தின் மேலேயே மலேசியாவுக்குள் நுழைந்து, கோலாலம்பூர், பினாங்கு என்று மேலே போய், சாலை வழியாகவே தாய்லாந்துக்குள் போகும். கூடவே சமையல்காரர் வருவார். இன்னொன்று கப்பல். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கில் ஒரு பகல், புக்கெட்டில் ஒரு பகல் நின்று, திரும்பவும் சிங்கப்பூர்.

"எது நல்லது?" என்றேன்.

"ரெண்டும் நல்லதே மேடம். பஸ்ஸுன்னா ஊர் ஊரா எறங்கி நீங்க ஓடணும். கப்பல்னா அது ஓடும், நீங்க தூங்கலாம். நீங்க நாடு பாக்கணுமா, ரெஸ்ட் எடுக்கணுமா? அது மாத்ர சொல்லிடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அன்று நான் தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் கேட்டது சரியான கேள்வி. நான் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் பஸ், அந்தப் பக்கம் கப்பல் என்று எழுத ஆரம்பித்தேன். குழந்தைக்கு எது, கால்களுக்கு எது, சாப்பாட்டுக்கு எது என்று இரண்டு பக்கம் நிறைந்தது. நங்கையாவுக்கு எது என்று ஒரு வரி எழுதி, எதிரே எதையும் நிரப்பாமல் விட்டிருந்தேன்.

அந்த வாரத்திலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நங்கையா ஹாலில் உட்கார்ந்து மகளுக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கதை வேண்டும் அவளுக்கு.

"அப்பறம் பஸ்ஸு பாலத்து மேல போவுது. போயி, போயி, நடுப்பாலம் வந்ததும் டிரைவரு சொல்றாரு, எல்லாரும் கீழ பாருங்க, இது வரைக்கும் ஒரு நாடு, இதுக்கு அங்கிட்டு வேற நாடு. நம்ம பாலாறு செக்போஸ்ட்டு தாண்டுனா தமிழ்நாடு வருதில்ல, அந்த மாதிரி. அங்க எறங்கி, பாஸ்போர்ட்ட நீட்டிப்போட்டு, நடந்தே அந்தப் பக்கம் போவோணும். மண்ணு எங்க மாறுது, மரம் எங்க மாறுதுன்னு அத்தை ஜன்னலோரமா உக்காந்து பாத்துட்டே வருவேன்."

"நானு?" என்றாள் மகள்.

"நீ அத்தை மடியில."

"நனகெ பஸ் பேடா. வாந்தி பரத்தெ" என்றாள் கன்னடத்தில். பஸ் வேண்டாமாம்.

"வாந்தி வந்தா எடுத்துக்கலாம். ஆ காட்டு."

துணியை மடித்தபடியே எல்லாவற்றையும் கேட்டேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. எங்கள் ஊர்ப் பயணங்களிலும் அவர் அப்படித்தான். கொள்ளேகால் பஸ்ஸில் ஏறினால் ஜன்னலை விடமாட்டார். எந்த ஊரில் எந்த வீட்டுக்கு மாடி எழும்பியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவார்.

மகளுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது என்பது உண்மை. பெங்களூர் போவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுப்பாள். ஆனால் எனக்குள் இருந்த பயம் வேறு. நாற்பது பேர் பஸ்ஸில் காத்திருக்க, என் குழந்தை ஷூ போட மாட்டேன் என்று ஓட்டல் வாசலில் உருண்டு அழும் காட்சி என் கண்முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. எங்களால் பஸ் நிற்கும். எல்லாரும் ஜன்னல் வழியாக என்னைப் பார்ப்பார்கள். "வேலைக்குப் போற அம்மா, குழந்தை பேச்சு கேக்காது" என்று ஒரு பெண்மணி இன்னொரு பெண்மணியிடம் சொல்வார். இன்னொன்றும் இருந்தது. கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு விளையாட்டு அறை உண்டு என்று அந்தத் தாளில் போட்டிருந்தது. சாயங்காலம் ஒரு மணி நேரம் கணவரோடு கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கலாம். ஐந்து வருடத்தில் அப்படி நாங்கள் நின்றதில்லை. இதை எழுதும்போதுகூட, அது அவ்வளவு பெரிய ஆசையா என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

ஹனூர் வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அங்கே யாரிடம் எதைக் கேட்டாலும் முதல் முறை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் முறை கேட்டால், "எதுக்குங்க சிரமம்" என்பார்கள். மூன்றாவது முறை கேட்டால்தான் மனதில் இருப்பது வாயில் வரும். ஒருமுறை கேட்டுவிட்டு விடுவது, கேட்காமல் இருப்பதைவிட மோசம். கல்யாணமான புதிதில் எனக்கு இது தெரியாது. வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர், "தோசை போதும்மா" என்றதும் நான் அடுப்பை அணைத்துவிட்டேன். பாவம், அவர் ஒற்றைத் தோசையோடு ஊருக்குப் பஸ் ஏறினார். இரண்டு வருடம் சொந்தக்காரர்கள் என்னை, "ஒத்தத் தோச மருமவ" என்று கேலி செய்தார்கள். ஆகவே இந்த வழக்கம் எனக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது.

மறுநாள் சாயங்காலம் நங்கையா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"நங்கையா, பஸ் டூரா, கப்பலா? உங்களுக்கு எது பிடிக்கும்?"

"எனக்கென்ன அம்மிணி, உங்க இஷ்டம். நீங்க பாத்துச் செய்யுங்க."

"சரி" என்றேன்.

அவர் கை ஒரு நொடி நின்றது. அடுத்த கேள்விக்காக அவர் முகம் லேசாக நிமிர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, குக்கர் விசில் வந்ததைப்போல எழுந்து உள்ளே போனேன். விசில் வரவில்லை.

கணவரிடம் கப்பல் என்று சொன்னபோது அவர் யோசித்தார். "அக்காவுக்கு பஸ்ஸுல போறதுன்னா உயிராச்சே" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. அப்போது என் வாயிலிருந்து வந்தது இது: "ஒன்பது நாள் பஸ்ல ஏறி இறங்க நங்கையா முழங்கால் தாங்குமா? அன்னைக்கு வலிக்குதுன்னு சொன்னாங்கல்ல."

தசராக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டு வந்த அன்று, "முட்டி கழண்டுபோச்சு" என்று சொல்லியிருந்தார். அவ்வளவுதான். மறுநாள் ஒட்டடை அடிக்க ஸ்டூலில் ஏறி நின்றார். கணவர் அதையெல்லாம் யோசிக்கவில்லை. நேராக அக்காவிடம் போய், "உன் முழங்காலுக்காகத்தான் கப்பல்க்கா" என்று சொல்லிவிட்டார்.

நங்கையா குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். "என்ற முழங்காலுக்கா?" என்றார். பிறகு, "ஆமா, அன்னைக்கி வலிச்சுது" என்றார்.

அடுத்த நாளிலிருந்து அக்கம்பக்கத்தில் இதுதான் பேச்சு. "என்ற தம்பி பொண்டாட்டி இருக்குதே, என்ற காலு நோவும்னு கப்பலே புக் பண்ணிருச்சு. பெத்த புள்ள கூட இப்பிடிப் பாக்காது." மாடிப்படியில் என்னைப் பார்க்கிற பெண்களெல்லாம், "நின்னந்த சொசே சிகபேக்கு" என்று கன்னடத்தில் மெச்சினார்கள். உன்னைப் போல மருமகள் கிடைக்க வேண்டுமாம். நான் தலையைக் குனிந்துகொண்டு ஸ்கூட்டரை எடுப்பேன். அடக்கம் என்று அதையும் மெச்சினார்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் நங்கையா மருந்துக்கடைக்குப் போய் முழங்காலுக்கு ஒரு பெல்ட் வாங்கி வந்தார். நாம் ஒன்றைச் சொல்லி, அதற்கு இன்னொருவர் உடம்பைத் தயார் செய்துகொள்வதை நான் அன்றுதான் பார்த்தேன். அன்றுகூட நான் வாயைத் திறந்திருக்கலாம். டிக்கெட் எல்லாம் வந்துவிட்டது, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பல் மிகப் பெரியது, சுத்தமானது. எல்லாரும் அன்பாக இருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மகள் அத்தையோடுதான் தூங்குவேன் என்றதால் அவர்கள் இருவருக்கும் ஓர் அறை, எங்களுக்கு ஓர் அறை. அவர்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. "தூங்கத்தானே மேடம்" என்று டிராவல்ஸ்காரர் சொன்னபோது நானும் தலையாட்டியிருந்தேன். நங்கையா அறைக்குள் நுழைந்து சுவரைச் சுற்றிப் பார்த்தார். ஒரு திரை தொங்கியது. அதை விலக்கினார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"ஏனம்மிணி, செவுத்துக்குத் துணி போட்டிருக்கறாங்க? அதுக்குக் கூச்சமா?" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பஸ்ஸில் வாந்தி எடுக்கும் மகள் கப்பலில் மான்குட்டி மாதிரி ஓடினாள். வாந்தி எடுத்தது நான். கடல் அசையவே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் அசைந்தது. பினாங்கில் கப்பல் நின்றபோது என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். நங்கையா என் பக்கத்தில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்திருந்த சுக்குப்பொடியை வெந்நீரில் கலந்து கொடுத்தார்.

"நீங்களும் போங்க நங்கையா" என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன்.

"நீ கெடக்கறப்ப நான் எங்க போறது? கண்ண மூடு."

கண்ணை மூடிக்கொண்டேன். மலேசியா கப்பல் சுவருக்கு வெளியே இருந்தது.

மறுநாள் புக்கெட். அங்கே கப்பல் கரைக்குப் போகாது. நடுக்கடலில் நிற்கும். சின்னப் படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். படகில் இறங்கும் படிகள் செங்குத்தாக இருக்கும், கால் வலி உள்ளவர்கள் கப்பலிலேயே தங்குவது நல்லது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எனக்கு அன்று உடம்பு சரியாகியிருந்தது. நங்கையா புதுச் சேலை கட்டி, பாஸ்போர்ட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வரிசையில் எங்களோடு நின்றுகொண்டிருந்தார்.

கணவர் திரும்பி, "அக்கா, உன் கால வச்சுட்டு இதுல எறங்க முடியாது. நீ இங்கயே இரேன்" என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அவருக்கு நான் சொன்னதுதான் தெரியும்.

நங்கையா என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரா, இல்லை, வெறுமனே பார்த்தாரா, தெரியாது. நான் குனிந்து மகளின் தொப்பியைச் சரி செய்தேன்.

"அதுஞ்செரி தம்பி. பாப்பாளும் வெயில்ல எதுக்கு? என்ற கூட இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போயிட்டு வாங்க" என்று வரிசையை விட்டு விலகினார்.

நாங்கள் போனோம். இதையும் எழுத வேண்டும்: நான் அங்கே சந்தோஷமாக இருந்தேன். கடற்கரையில் தேங்காய் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். கணவர் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். இரண்டு மணி நேரம் ஒருமுறைகூட நான் நங்கையாவை நினைக்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் மேல்தளத்தில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். "அந்த மலை மேல ஒரு கோயிலு மாதிரி தெரியுது, போனீங்களா?" என்று கேட்டார். நாங்கள் போகவில்லை. அப்படி ஒன்று இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

பெங்களூர் விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருந்தபோது நங்கையா பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"ஏனம்மிணி, இதுல நம்மூரு சீலு ரெண்டுதான் இருக்குது. போனப்ப ஒண்ணு, வந்தப்ப ஒண்ணு. அந்த ஊருக்காரங்க ஆரும் குத்தலியா?"

சிங்கப்பூரில் இப்போதெல்லாம் முத்திரை குத்துவதில்லை, எல்லாம் கணினியில்தான் என்று கணவர் விளக்கினார். மற்ற இரண்டு ஊரிலும் அவர் இறங்கவே இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

"அப்ப செரி. நான் போனது அவங்க கம்ப்யூட்டருக்குத் தெரியும்" என்று பாஸ்போர்ட்டை மூடினார்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். வந்த பிறகு நங்கையா அந்த பெல்ட்டைக் கழற்றவில்லை. மாடிக்குத் துணி காயப்போடப் போவதை நிறுத்தினார். பூங்காவுக்கு மகளை நடத்திக் கூட்டிப்போனவர், ஆட்டோ கூப்பிட ஆரம்பித்தார். படியிறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். "என்ற காலுதான் செரியில்லியே, கப்பல்லயே எறங்கமுடியலியே" என்று பேச்சுக்குப் பேச்சு சொன்னார். கார்மெண்ட்ஸ் தோழிகள் கோயிலுக்குக் கூப்பிட்டாலும் போகவில்லை. மூன்று மாதத்தில் அவருக்குப் பத்து வயது கூடிவிட்டது. நடிப்பு இல்லை. அவருக்கு நிஜமாகவே வலித்தது.

ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்குமோ என்று தோழி ஒருத்தி பயமுறுத்தியதில், டாக்டரிடம் போகலாம் என்று அவரே கேட்டார். அரை நாள் விடுப்புப் போட்டுக் கூட்டிப்போனேன். டாக்டர் காலை மடக்கி நீட்டினார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்த வயதுக்கு இவ்வளவு நல்ல முழங்காலைப் பார்ப்பது அபூர்வம், நடக்காமல் இருந்துதான் தசை இளைத்திருக்கிறது, பெல்ட்டைக் கழற்றிவிட்டு நன்றாக நடங்கள் என்றார். "யாரம்மா ஹேளித்து, கால் சரியில்லா அந்தா?" என்று கேட்டார். கால் சரியில்லை என்று யார் சொன்னதாம்.

நங்கையா என்னைப் பார்த்தார்.

வெளியே வந்து ஒரு ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கொய்யா ஜூஸ் சொன்னேன். அது வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மகளின் வாந்தி, பஸ் எங்களுக்காகக் காத்திருக்குமே என்ற பயம், அவர் மகளுக்குச் சொன்ன கதையைக் கேட்டது, ஒரே தடவை கேட்டது, விசில் வராத குக்கர், முழங்கால். பேசும்போது எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை.

"அப்ப என்ற காலுல ஒண்ணுமே இல்ல?" என்றார்.

"இல்ல நங்கையா."

"மூணு மாசமா ராத்திரி தைலம் போட்டுட்டுப் படுக்கறேன்."

நான் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"பாப்பாளுக்கு வாந்தி வரும், எனக்குப் பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கப்பலே போலாம்னு நானே சொல்லியிருப்பனே அம்மிணி. அந்தக் கொழந்தைக்கு வாந்தி வந்தா ஆரு மேல எடுக்குது? என்ற மேலதான எடுக்குது?"

"தெரியும் நங்கையா."

"தெரிஞ்சேதான் என்ற காலப் புடிச்ச." ஜூஸ் வந்தது. அவர் முழுதாகக் குடித்தார். "ஊரெல்லாம் சொல்லிப்போட்டேன், என்ற தம்பி பொண்டாட்டி அப்பிடி இப்பிடின்னு. இனி அவளுககிட்ட நான் என்னன்னு சொல்றது?"

அன்று வீட்டுக்கு அவர் நடந்தே வந்தார். நான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். சாயங்காலம் கணவரிடமும் நானே சொன்னேன். அவர், "புக்கெட்ல அக்காவ வரிசையிலிருந்து போகச் சொன்னது நான்" என்றார். அந்த வாக்கியத்தில் என்மேல் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

அடுத்த வாரமே நான் அக்ரஹாரத்துக்குப் போய் அந்த ஒன்பது நாள் பஸ் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். நங்கையாவும் கணவரும் போகட்டும், நான் விடுப்புப் போட்டு மகளோடு இருக்கிறேன் என்று திட்டம். தாளை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். பாலம், எல்லை, ஊர்ப் பெயர்கள் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார்.

"நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி மடித்து என்னிடமே கொடுத்தார். "வேண்டாம்."

நான் மறுபடி கேட்டேன். வேண்டாம் என்றார். மூன்றாவது முறை கேட்க வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது அந்த வேண்டாம் இல்ல அம்மிணி. நெசமாவே வேண்டாம். உனக்கு மனசு ஆறோணும்னு நான் பஸ்ஸேறோணுமா? அப்பவும் உனக்காகப் போனேன், இப்பவும் உனக்காகப் போறதா? எனக்குப் போவோணும்னு தோணுறப்ப நானே கேப்பேன். அன்னைக்கி வரைக்கும் இதக் கொண்டாந்து என்ற முன்னால நீட்டாத."

டிராவல்ஸ்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். "ஏன் மேடம், பெரியவங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. அவங்களக் கேக்காம நான் போட்டுட்டேன்" என்றேன்.

இப்போது நங்கையா என்னோடு பழையபடி பேசுகிறார். சாப்பாடு, மகளின் பள்ளி, பால் பாக்கெட் எல்லாம் பேசுகிறார். கேலியும் உண்டு. அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றிப் பெருமை பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். பெண்கள் பேச்சை எடுத்தால், "அதெல்லாம் ஆச்சு" என்று முடித்துவிடுகிறார். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. பரவாயில்லை என்று ஒருமுறை சொல்லிவிட மாட்டாரா என்று முதலில் எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. சொல்லாதது நியாயம் என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமைகளில் விடிந்தும் விடியாமலும் அவர் வெளியே போய்விடுகிறார். தோழிகளோடு போகிறாரா, தனியாகப் போகிறாரா, எங்கே போகிறார், எவ்வளவு தூரம் நடக்கிறார், எதுவும் எனக்குத் தெரியாது. அன்று மகளை எழுப்பி, பல் தேய்த்து, ஷூ போட்டு அனுப்புவது என் வேலை. கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்கூட்டரில் தாமதமாகப் போகிறேன். எட்டரை மணிக்கு நங்கையா வியர்வையோடு படியேறி வருவார். நான் கதவைத் திறந்து விலகி நிற்கிறேன். பயணத்தைப் பற்றி அவர் இன்னும் எதுவும் கேட்கவில்லை.